மூன்றுக்கு ஒன்று என்றிருந்தபோது

2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, தெலுக் இந்தான் பட்டணத்தில் சாய்ந்த கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள ஓர் ஒட்டுக்கடையில், இரண்டு போட்டிகள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தன. சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் சிலாங்கூர், பினாங்கு, கெடா முதலிய 6 மாநிலங்களின் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் பேராக் மாநிலத்தில் அன்று தேர்தல் கிடையாது. ஆனால் அடுத்த வீட்டுக் கலியாணத்துச் சாம்பாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு அழைப்பிதழ் வேண்டுமா என்ன? ஆகவே கடையில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பாதிப் பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது, பால் டின்மீது சாய்த்துவைத்த ஒரு கைபேசியை. அதற்குள்ளே, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில், ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண ஹாக்கியின் இறுதி ஆட்டத்தில், இந்தியாவும் மலேசியாவும் மோதிக்கொண்டிருந்தன.

கைபேசிக்கு உடையவர் ஒரு பழைய தோட்டத்துக் கிராணியார், எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர், கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலத்தோடு உத்தியோகத்தையும் முடித்துக்கொண்டு, அதற்குப்பின் ஹாக்கி ஒன்றையே முழுநேர விசாரமாக வைத்துக்கொண்டிருப்பவர். அவருக்கு அடுத்த நாற்காலி எனக்குரியது. அன்றிரவு அது காலியாக இருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, கைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பழைய மாணவர்களின் கட்டுரை நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். படித்தவன், அதிலும் முப்பது வருஷம் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன், இப்படி நடந்துகொள்வதற்குக் காரணம் கேட்பவர்கள் என்னோடு ஐம்பது வருஷம் பின்னோக்கிப் பிரயாணம் செய்யவேண்டும்.

1975-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது எனக்கு வயது பத்து. பாகான் டத்தோ சாலையில் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தோம். ஹாக்கி என்பது எங்களுக்குத் தென்னை மட்டையும் குரும்பையும்தான். மட்டையின் அடிப்பாகத்து வளைவு பந்தை நிறுத்துவதற்கென்றே பகவான் செய்துவைத்ததுபோல் இருக்கும். குரும்பையோ நாலு அடிக்குமேல் தாங்காது, பிளந்துபோகும். பிளந்தால் பிளந்த பாதியில் பெரிய பாதி எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தாருக்குப் பந்து என்று எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பெயர்களையும் பங்குபோட்டுக்கொள்வோம். ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம், பத்மராஜா என்று நாட்டின் அணியிலே நம்மவர் பெயர்கள் தாராளமாக இருந்த காலம் அது. ஆனால் எல்லாரும் அடித்துக்கொண்டது பூன் ஃபூக் லோக் என்ற பெயருக்காகத்தான். 1973-இல் உலகக் கிண்ணத்தை வென்றிருந்த ஹாலந்தையே அந்த மாதம் நம்மவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று வென்று அரையிறுதிக்கு வந்திருந்தார்கள்.

அரையிறுதியில் எதிரி இந்தியா. வானொலிப் பெட்டியைச் சுற்றி லயமே கூடியிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் சொற்ப நேரமே இருக்கையில், மலேசியா இரண்டு, இந்தியா ஒன்று என்ற நிலைமையில், பெட்டியின் குரல் மங்கத் தொடங்கியது. என் தகப்பனார் என்னைக் கடைக்கு ஓட்டிப் பேட்டரிக் கட்டை வாங்கிவரச் சொன்னார். ஓடினேன், வாங்கினேன், திரும்பி ஓடிவந்து வாசற்படியில் ஒரு காலை வைத்தேன். அதே க்ஷணத்தில் அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரை அடித்துவிட்டார். அது 65-ஆம் நிமிஷம். அக்காலத்து ஆட்டத்துக்கு 70 நிமிஷம். அடிப்பதற்கு முன் அவர் கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டார் என்பது இந்திய ரசிகர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் செய்தி. எங்கள் லயத்தில் தாயத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தகப்பனார் மாத்திரம், கோபமில்லாமல், கணக்குப் புத்தகத்தில் தவறு கண்டவர்போல், “வெளியிலேயே நின்னிருக்கக் கூடாதாடா?” என்றார்.

கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் ஒன்று போட்டு இந்தியாவை ஜயிக்கவைத்தார். பிறகு அவர்கள் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானையும் இரண்டுக்கு ஒன்று என்று வென்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் வாங்கிய இந்திய ஆடவர் அணி உலகக் கிண்ணத்தை வென்றது அந்த ஒரே தடவைதான் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தக் கிண்ணம் எங்கள் தொண்டைக்குழிவரை வந்து வழுக்கிப்போனது என்ற எண்ணம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேற்கு ஜெர்மனியிடம் நாலு கோல் வாங்கி மலேசியா நாலாவது இடத்தில் நின்றது. உலகக் கிண்ணத்தில் அதற்குமேல் இன்றுவரை ஏறியதில்லை.

தோற்பது பெரிய காரியமல்ல. தினமும் தோற்கிற அணிக்கும் ரசிகர்கள் உண்டு. அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். ஆஸ்திரேலியாவிடம் தோற்றால் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம் என்று தேயைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம். முன்னிலையில் இருக்கும்போது தோற்கிறோமே, அதுதான் நம் அணிக்குப் பிரத்தியேகமான வியாதி. பின்தங்கியிருக்கும்போது இவர்களைப்போல் ஆடுகிறவர்கள் ஆசியாவிலேயே இல்லை.

2018-ஆம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டைப் பாருங்கள். அரையிறுதியில் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நிற்க, கடைசி நிமிஷத்துக்குச் சற்று முன்பு ராஸி ரஹிம் ஒரு பெனால்டி கார்னரைக் கோலாக்கிச் சமன் செய்தார். பிறகு கோல் காவலரோடு தனித்தனியே மோதும் ஷூட்-அவுட்டில் ஏழுக்கு ஆறு என்று வென்றார்கள். காவல் நின்றவர் தம்பினைச் சேர்ந்த நம் குமார் சுப்பிரமணியம். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 1-ஆம் தேதி, ஜப்பானோடு இறுதி ஆட்டம். அதே அணி, அதே குமார். ஐந்துக்கு இரண்டு என்று முன்னிலை! ஜயித்தால் தங்கம் மாத்திரமல்ல, 2000-ஆம் வருஷம் சிட்னிக்குப் பிறகு கண்ணால் காணாத ஒலிம்பிக்குக்கு நேர்வழிச் சீட்டு. நான் வீட்டில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், மனம் தாளாமல், மேல்மாடியில் படித்துக்கொண்டிருந்த மகனை, “இறங்கி வா, இந்த மாதிரி ஒண்ணு இனி எப்பப் பாக்கப் போறே!” என்று கூப்பிட்டேன். அவன் இறங்கி வந்தான். ஐந்துக்கு ஐந்து ஆயிற்று. நம்மவர்கள் ஆறாவதைப் போட்டார்கள். கடைசி நிமிஷத்தில் ஜப்பானும் ஆறாவதைப் போட்டது. ஷூட்-அவுட்டில் மூன்றுக்கு ஒன்று என்று போயிற்று. மகன் ஒன்றும் சொல்லாமல் படியேறினான். பரம்பரைச் சொத்தாக அவனுக்கு நான் கொடுத்தது அன்றைய இரவுதான்.

இதற்கு முந்திய வருஷம் டாக்காவில், ஆசியக் கிண்ண இறுதியில், இந்தியாவிடம் இரண்டுக்கு ஒன்று. 2022-இல் ஜகார்த்தாவில், அதே கிண்ணத்தின் இறுதியில், கொரியாவிடம் இரண்டுக்கு ஒன்று. 2009-இல் ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண இறுதியில் இந்தியாவிடம் மூன்றுக்கு ஒன்று. அதற்குப் பஸ்ஸேறிப் போய் நேரிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் சுல்தானின் பெயரால் 1983-இல் ஆரம்பித்த கிண்ணம். அரண்மனையில் உள்ளவரே ஹாக்கிச் சங்கத்துக்குத் தலைவராக இருந்து வளர்த்த ஆட்டம். அதை ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் பாகிஸ்தானும் மாறிமாறித் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பது, சொந்த வீட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டே பசியோடு நிற்பதைப்போல.

இவ்வளவுக்கும் பிறகு, நான் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று கிராணியார் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். எனக்கும் அதில் ஆக்ஷேபமில்லை. 2022 நவம்பரில் ஈப்போவில் நம்மவர்கள் கொரியாவோடு இறுதிக்கு வந்தபோது, என் சீட்டை அவரிடமே கொடுத்து அவர் பேரன் காரில் அனுப்பிவைத்துவிட்டு, நான் வீட்டில் ரஸம் வைத்துக்கொண்டிருந்தேன். 10-ஆம் தேதி இரவு மூன்றுக்கு இரண்டு என்று மலேசியா ஜயித்தது. 39 வருஷ தவம்! இரவு வெகுநேரத்துக்குப் பின் திரும்பி வந்தவர் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே, “பாத்தீங்களா வாத்தியாரே?” என்றார். பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

இந்த லக்ஷணத்தில் 2023 வந்தது. ஆகஸ்டு 6-ஆம் தேதி லீக் ஆட்டத்தில் இதே இந்தியா நம்மை ஐந்து கோலால் மண்ணைக் கவ்வவைத்திருந்தது. முதல் கோலைப் போட்டவர் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம். நம் அணிக்குப் பயிற்சியாளரோ அருள் செல்வராஜ் அந்தோணி. எதிர்ப்பக்கத்துக் கோலும் தமிழ்ப் பெயரில், நம் பக்கத்து வியாகூலமும் தமிழ்ப் பெயரில்! ஆட்டக்காரர் பட்டியலிலோ தமிழ்ப் பெயர்கள் அருகிப்போய்விட்டன. காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1976-இல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. புல் திடலும் தென்னை மட்டையும் அன்றோடு செல்லாக் காசாயின. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது, லயத்தோடு திடலும், திடலோடு மாலை ஐந்து மணியும் போயிற்று. கடையில் சிலர், “யார் ஜெயிச்சாலும் நம்மாளுதானே” என்று சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் எனக்கு ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை. பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்தான். அதற்காக இந்தியா நம்மேல் கோல் போடும்போது கைதட்ட வேண்டும் என்பது எந்த சாஸ்திரம்?

இரவு 12 மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்பு, கவிழ்த்துவைத்த கைபேசி அதிர்ந்தது. கிராணியார்.

“வாத்தியாரே, ஹாப் டைம். மூணுக்கு ஒண்ணு!”

“யாருக்கு?”

“நமக்குத்தான்யா! இனிமே நீங்க வந்தாலும் ஒண்ணும் ஆவாது. சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க.”

நான் போயிருக்கக் கூடாது. ஆனால், ஜுக்ராஜ் சிங் முதல் கோலைப் போட்டபிறகும் தளராமல், அபு கமால் அஸ்ராய், ராஸி ரஹிம், அமினுடின் என்று மூவர் இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டிருக்கிறார்கள்; அதுவும் சென்னையில், நிரம்பி வழியும் கூட்டத்துக்கு நடுவில்! நடந்தே போனேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்காரத் தம்பி கேட்காமலே தே கொண்டுவந்து வைத்தான். ஏறக்குறைய பத்து நிமிஷம் எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் நம்முடைய முன்வரிசைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கித் தங்கள் வட்டத்துக்குக் காவலாகிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன், கிராணியாரும் கவனித்தார், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜயத்தைச் சம்பாதிக்கிற கை வேறு, காப்பாற்றுகிற கை வேறு. நம்மவர்களுக்கு இரண்டாவது கை எப்போதும் நடுங்கும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

45-ஆம் நிமிஷம். பெனால்டி ஸ்ட்ரோக். ஹர்மன்பிரீத் சிங் தவறவிடுகிறவரல்ல. மூன்றுக்கு இரண்டு. சரி, இடைவேளை மணி அடிக்க இன்னும் விநாடிக் கணக்குதான் என்று நான் தேயை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறேன், அதற்குள் இந்தியர்கள் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள், குர்ஜந்த் சிங், மூன்றுக்கு மூன்று. ஒரே நிமிஷத்தில் இரண்டு. குவளை என் உதட்டைத் தொட்டபடி நின்றது; தே இன்னும் சூடாகவே இருந்தது. அண்ணாந்து தேர்தல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் குனிந்து என்னைப் பார்த்தார்கள். 1975-இல் வாசற்படியில் வைத்த கால் எனக்கு ஞாபகம் வந்தது.

நாலாவது கோல் 56-ஆம் நிமிஷம் ஆகாஷ்தீப் சிங் அடித்தது. அதைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது விழுந்தபோதே அது விழுந்துவிட்டது. நாலுக்கு மூன்று. சென்னையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அது எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் கேட்டது.

வெளியூரிலிருந்து வருகிற எழுத்தாளர்கள் தெலுக் இந்தானைப் பற்றி எழுதினால் 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தை எப்படியாவது உவமையாக்காமல் விடமாட்டார்கள். மேலே நீர்த்தொட்டியின் கனம், கீழே இளகிய மண், அதனால் சாய்ந்தது. சாய்ந்தும் விழவில்லை, எங்கள் அணியோ நிமிர்ந்து நிற்கும்போது விழுகிறது, என்று எனக்கும் அன்றிரவு தோன்றியது உண்மை. கிராணியாரிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

அவர் கைபேசியை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த பாலைச் சட்டை நுனியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மேலே இன்னும் எந்த மாநிலத்திலோ யாரோ முன்னிலையில் இருந்துகொண்டிருந்தார்.

“அடுத்த மாசம் ஹாங்சோவுல ஏசியன் கேம்ஸ் வருது, வாத்தியாரே. அப்ப நீங்க கேமரன் மலையில பேத்தியைப் பாத்துட்டு வாங்க. பஸ் காசு நான் தர்றேன்.”

“எத்தனை நாளுக்கு?”

“பைனல் முடியிற வரைக்கும்,” என்று சொல்லிவிட்டு, என் கணக்கில் இன்னொரு தே சொன்னார்.