உங்களுக்குத் தெரியுமா? ஃபீஸ் கேட்காத வக்கீல்

● சட்டம் படித்து முடித்த கையோடு ஏழைகளின் வழக்குகளை எடுத்தால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? அமெரிக்காவின் ஸ்காடன் வக்கீல் நிறுவனம் 1988-இல் இதற்கு ஒரு வழி கண்டது. இளம் வக்கீலுக்கு 2 ஆண்டுச் சம்பளம் நிறுவனத்தின் பொறுப்பு. அவர் உழைப்பதோ வசதியற்றவர்களுக்கு!

● நம் நாட்டில் அந்தச் செலவு அரசுடையது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி, கிரிமினல் வழக்குகளில் வசதியற்றவர்களுக்காக முழுநேர வக்கீல்கள் வாதாடுகிறார்கள். உதவி வக்கீலாகச் சேர, 3 ஆண்டுக்குள் அனுபவம் இருந்தாலே போதும். தனியாக கேஸ் பிடிக்கக் கூடாது.

● ஜூனியர்களின் பாடு? மாதம் நகரங்களில் 20,000 ரூபாய், கிராமப்புறங்களில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று சீனியர்களுக்கு இந்திய பார் கவுன்சில் 2024-இல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமல்ல.

● பாலக்காட்டில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957-இல் கேரளத்தின் சட்ட அமைச்சர். ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகளை கேரளம் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஹோஸ்கோட் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு, சிறையில் இருக்கும் ஏழைக்கு அப்பீல் செய்ய இலவச வக்கீல் உரிமை என்றது.

● இலவச சட்ட உதவி பெற, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மூணாறில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கும், அட்டப்பாடி இருளர் பெரியவருக்கும் இலவச வக்கீல் உண்டு. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இதே பட்டியலில் வருகிறார்கள். 2020-இல் பெட்டிமுடி நிலச்சரிவில் உறவுகளை இழந்தவர்களைப் போல.

● கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, அங்குள்ள தமிழர்கள் தலைமைச் செயலகத்துக்கே தமிழில் கடிதம் எழுதலாம். சிறுபான்மை மொழிப் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே. பதிலும் தமிழில் வர வேண்டும்.

● எழுதப் படிக்கத் தெரியாதா? இலவச வக்கீல் வேண்டும் என்று தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வாயால் சொன்னால் போதும். அங்கேயே எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்குவார்கள். கோர்ட் ஃபீஸ், நகல் செலவு எல்லாம் குழுவின் கணக்கு. குழு அமர்த்திய வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால், அதையும் குழுவிடமே புகார் செய்யலாம். கட்டணமில்லா எண்: 15100.