குதிரைக்குட்டி வாங்கியாச்சு... உடனே ஏறலாமா? முதலில் அதன் நம்பிக்கையைச் சம்பாதியுங்கள்!

ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் களைகட்டும். அதே ஆடியில் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை களைகட்டும். அங்கே மட்டக்குதிரைக் குட்டி ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, தென்காசிப் பக்கம் இருக்கும் தன் தோப்புக்கு ஒருவர் கொண்டுவந்துவிட்டார் என்று வையுங்கள். வேனிலிருந்து இறக்கியதுமே வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள்: ``எப்போ ஏறலாம்?''

இப்போதைக்கு முடியாது என்பதுதான் பதில். மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டிக்கு நாம் யாரென்றே தெரியாது. பயந்தால் ஓடும், ஓட வழியில்லை என்றால் உதைக்கும், கடிக்கும். அடிபடுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் குழந்தையாகத்தான் இருக்கும்.

சிற்றாறு சொல்லும் பழைய கதை

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. அந்த முகத்துவாரத்தையொட்டித்தான் காயல் துறைமுகம் இருந்தது. பாண்டியர்களுக்காக அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரைகள் வாங்கப்பட்டதாகவும், ஆண்டு முடிவில் 100 கூடத் தேறவில்லை என்றும் எழுதியிருக்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்பது அவர் கணிப்பு. பணம் கொடுத்தால் குதிரை கிடைத்துவிடும். பராமரிப்பைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் சில நாள்கள்: சும்மா இருங்கள்!

கொட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் ஒரே நேரத்தில் போய் உட்காருங்கள். தீவனமும் தண்ணீரும் உங்கள் கையால் வரட்டும். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் செனபோன் இதைச் சொல்லிவிட்டார்: பசி, தாகம், ஈத்தொல்லை எல்லாம் மனிதர் வந்தால் தீரும் என்று குட்டி உணர வேண்டும், கோபத்தோடு அதன் அருகில் போகவே கூடாது.

எந்தப் பக்கம் நெருங்குவது?

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அதனால் தோள்பக்கமாக, பேசிக்கொண்டே மெதுவாக நெருங்குங்கள். காதுகள் பின்னால் ஒட்டிப் படிந்தால் நின்றுவிடுங்கள். ஓர் அடி பின்வாங்குவதும் பாடம்தான். `நான் வேண்டாம் என்றால் இவர் கேட்கிறார்' என்று குட்டிக்குப் புரியும்.

முதல் தொடுதல்

தலையைத் தட்டிக்கொடுக்க ஆசைப்படாதீர்கள். பிடரி முடியும் இடத்தில், தோளுக்கு மேலே இருக்கும் மேட்டைச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை 1993-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன்பிறகு கழுத்து, முதுகு, கடைசியில் கால். குளம்பைத் தூக்க அனுமதித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அடுத்தது தலைக்கயிறு. இழுக்கும்போது குட்டி ஓர் அடி முன்னால் வந்தால், அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடப் பழக்கம் போதும்.

சேணம் எப்போது?

பொதுவாக 3, 4 வயதுக்குப் பிறகுதான் முதுகில் ஆள் ஏற்றிப் பழக்குவார்கள். முதுகெலும்பு முழுதாக வளர்ந்து முடிய 5 வயதைத் தாண்டும். அவசரப்பட்டால் முதுகு கெடும். குதிரைகளை டெட்டனஸ் எளிதில் தாக்கும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

அதுவரை பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பெரியவர் ஒருவர் கூடவே நிற்க, புல் வைக்கட்டும், பெயர் வைத்துக் கூப்பிடட்டும். ஒரு நாள் அந்தப் பெயரைச் சொன்னதும் தோப்பின் மறுகோடியிலிருந்து குட்டி தானாக நடந்து வரும். சவாரி உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.