வழிக்கு ஞாபகம் கிடையாது: ஃபயர்வாலில் தொலைந்துபோகும் பதில்கள்

"சார், உள்ளேர்ந்து பார்த்தா பக்கம் வரல. என் மொபைல் டேட்டாவுல பார்த்தா வருது. நெட் நல்லாத்தான் ஓடுது."

நெட்வொர்க் வேலை பார்க்கும் யாரும் இந்தப் புகாரை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். பிங் போகிறது, இணையம் வேலை செய்கிறது, ஃபயர்வாலில் விதியும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சர்வர் மட்டும் திறக்காது. இப்படிப்பட்ட புதிர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர்தான் என்பது என் அனுபவம். ஃபயர்வாலுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று வழி தேர்ந்தெடுப்பது, அதாவது ரூட்டிங். இன்னொன்று முகவரி மாற்றம், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நேட்' என்பார்கள். இரண்டின் குணமும் நேர் எதிர்.

ரூட்டிங்குக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் சேருமிடத்தைப் பார்த்து, அட்டவணையைப் புரட்டி, ஒரு வாசலைக் காட்டும். இந்தப் பாக்கெட் எதற்கான பதில், கேள்வி எந்த வாசல் வழியாக வந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நேட் அப்படியில்லை. ஒரு இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் விதிகளைப் படிக்கும். எடுத்த முடிவை ஒரு பட்டியலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு வருவதற்கெல்லாம் அந்தப் பட்டியலையே பார்க்கும். லினக்ஸில் இந்தப் பட்டியலுக்கு கான்ட்ராக் என்று பெயர். குடியிருப்பு வாசலில் காவலாளி வைத்திருக்கும் வருகைப் பதிவேடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாபகமே இல்லாத ஒருவரும், எல்லாவற்றையும் எழுதிவைத்து நடக்கும் ஒருவரும் ஒரே வாசலில் வேலை பார்த்தால் என்ன ஆகும்? அதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

தற்காலிக ஏற்பாடாக வந்தது

ஐபி நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். இது போதாது என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், ஃபிரான்சிஸ் இருவரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 1631, முகவரி மாற்றத்தை ஒரு குறுகிய காலத் தீர்வாகத்தான் முன்வைத்தது. 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918, யாரும் தங்கள் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகளை ஒதுக்கியது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொது இருப்பிலிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. தற்காலிக ஏற்பாடு முப்பது வருடங்கள் தாண்டியும் நம் வீட்டு மோடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எது முதலில், எது பிறகு

லினக்ஸ் ஃபயர்வாலில் ஒரு பாக்கெட் கடக்கும் வரிசை இது:

1. சேருமிட முகவரி மாற்றப்படும் (போர்ட் ஃபார்வர்டிங் இங்கேதான்).
2. வழி தேர்ந்தெடுக்கப்படும்.
3. அனுமதி விதிகள் பார்க்கப்படும்.
4. அனுப்புநர் முகவரி மாற்றப்படும்.

இந்த நான்கு வரிகளை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். உதாரணமாக, வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே 192.168.10.20க்குத் திருப்புகிறோம். அனுமதி விதியில் எந்த முகவரியை எழுத வேண்டும்? மூன்றாம் படிக்கு வரும்போது சேருமிடம் ஏற்கெனவே மாறிவிட்டது. ஆகவே உள் முகவரியைத்தான் எழுத வேண்டும். பொது முகவரியை எழுதினால் அந்த விதி ஒருநாளும் பொருந்தாது. ஆனால் பாலோ ஆல்டோ ஃபயர்வாலில் கதை வேறு: முகவரி மாற்றத்துக்கு முந்தையது, மண்டலம் மாற்றத்துக்குப் பிந்தையது என்று எழுத வேண்டும். சிஸ்கோ ஏ.எஸ்.ஏ.வில் 8.3 பதிப்போடு இந்த வழக்கமே தலைகீழாக மாறியது. அதனால் ஒரு ஃபயர்வாலிலிருந்து இன்னொன்றுக்கு விதிகளை அப்படியே பெயர்த்து எழுதினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், ஒன்றும் ஓடாது.

ஒரு பரிசோதனைக்கூடத்தின் கதை

நான் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். முகவரிகளுக்கும் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களைப் பயன்படுத்துகிறேன்.

ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடம். முடிவுகள் 192.168.10.20 என்ற சர்வரில். வெளியில் இருக்கும் மருத்துவர்கள் 203.0.113.10 என்ற பொது முகவரி வழியாகப் பார்ப்பார்கள். பிறகு இரண்டாவதாக ஒரு இணைய இணைப்பு எடுத்தார்கள். அதன் முகவரி 198.51.100.10. சுமையைப் பிரிப்பதற்காகப் பாதி மருத்துவர்களுக்கு இந்த இரண்டாவது முகவரிக்கான இணைப்பைக் கொடுத்தார்கள்.

புகார்கள் இரண்டு. கூடத்துக்குள் இருக்கும் வைஃபையில் பக்கம் திறப்பதில்லை. இரண்டாவது முகவரி வாங்கிய மருத்துவர்கள் யாருக்குமே திறப்பதில்லை. இரவுப் பணியில் இருப்பவர் ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவுக்காகக் காத்திருப்பார். இங்கே ஒரு பையன் அச்செடுத்து பைக்கில் எடுத்துக்கொண்டு போவான். பொட்டாசியம் கூடிப்போனால் இதயத் துடிப்பே தடுமாறும், பைக் சிக்னலில் நிற்கும் நேரம்கூடக் கணக்குத்தான்.

முதல் புகார்: கொண்டை ஊசி வளைவு

உள்ளே இருக்கும் கணினி 192.168.10.55. அது 203.0.113.10ஐக் கேட்கிறது. பாக்கெட் ஃபயர்வாலுக்குப் போகிறது, சேருமிடம் 192.168.10.20 என்று மாறி, வந்த வழியே உள்ளே திரும்புகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி. (பல இடங்களில் இதற்கு முன்னாலேயே விழுந்துவிடும்: முகவரி மாற்ற விதி 'வெளி இன்டர்ஃபேஸில் வருபவை' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் உள்ளேயிருந்து வருவது அதில் பொருந்தவே பொருந்தாது.)

சர்வர் அனுப்புநரைப் பார்க்கிறது: 192.168.10.55. "அட, நம்ம பக்கத்து வீடு!" என்று ஃபயர்வாலைத் தொடாமல் சுவிட்ச் வழியாக நேராகவே பதில் அனுப்பிவிடுகிறது. கணினி எதிர்பார்த்தது 203.0.113.10இலிருந்து பதில். வந்ததோ 192.168.10.20இலிருந்து. 'நான் உன்னைக் கேட்கவே இல்லையே' என்று அதை முறித்துவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். மாற்றியவரிடம் பதில் திரும்பி வராததால் மாற்றியதைத் திரும்ப மாற்ற ஆளில்லை.

தீர்வு மூன்று:

- வளைந்து திரும்பும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியையும் ஃபயர்வாலின் உள் முகவரியாக மாற்றுவது. உடனே வேலை செய்யும்.
- உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் டிஎன்எஸ்ஸில் 192.168.10.20 என்றே பதில் கொடுப்பது. வெளி டிஎன்எஸ்ஸை நேரடியாகப் பயன்படுத்தும் போன்களிலும் உலாவிகளிலும் இது பலிக்காது.
- சர்வரைத் தனி வலைப்பிரிவுக்கு, சொல்லப்போனால் 192.168.20.20க்கு, நகர்த்துவது. பதில் ஃபயர்வாலைத் தாண்டாமல் போகவே முடியாது.

பலரும் முதல் வழியைச் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு ஒரு விலை இருக்கிறது. அதன்பிறகு சர்வரின் பதிவேட்டில் உள்ளே இருந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஃபயர்வாலின் ஒரே முகவரியில்தான் தெரிவார்கள். ஒரு நோயாளியின் முடிவை எந்தக் கணினியிலிருந்து பார்த்தார்கள் என்று பின்னால் யாராவது கேட்டால் சர்வரிடம் பதில் இருக்காது. அதனால்தான் இங்கே மூன்றாவது வழி.

இரண்டாவது புகார்: ஒன்றின் பின்னால் ஒளிந்த இன்னொன்று

இங்கே ஊகம் பயன்படாது, பாக்கெட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். டிசிபிடம்ப் என்ற கருவியை ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் ஓடவிட்டு நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்:

1. கேள்வி வாசலுக்கு வந்ததா?
2. உள்ளே போனதா, எந்த முகவரியோடு?
3. சர்வர் பதில் சொன்னதா?
4. பதில் எந்த வாசல் வழியாக, எந்த முகவரியோடு வெளியே போனது?

ஒரு குறிப்பு: இந்தக் கருவி உள்ளே வருவதை மாற்றத்துக்கு முன்பும், வெளியே போவதை மாற்றத்துக்குப் பிறகும் காட்டும். ஆகவே ஒரே இணைப்பு இரண்டு இன்டர்ஃபேஸில் இரண்டு பெயரில் தெரியும். மாறாமல் இருப்பது மருத்துவரின் முகவரிதான். அதை வைத்துத் தேடினால் குழப்பம் வராது.

இரண்டாவது இணைப்பின் இன்டர்ஃபேஸில் கேள்வி வந்திருந்தது. உள் இன்டர்ஃபேஸில் ஒன்றுமே இல்லை. அனுமதி விதியின் எண்ணிக்கையும் நகரவில்லை. அப்படியென்றால் விதியைத் தொடுவதற்கு முன்பே, வழி தேர்வில் விழுந்திருக்கிறது.

காரணம் லினக்ஸின் ஆர்.பி. ஃபில்டர் என்ற சோதனை. ஒரு பாக்கெட் வந்ததும் 'இந்த அனுப்புநருக்கு நான் பதில் அனுப்பினால் இதே வாசல் வழியாகவா அனுப்புவேன்?' என்று கேட்டுப் பார்க்கும். மதிப்பு 1 என்றால் கண்டிப்பு: இல்லை என்றால் சத்தமில்லாமல் போட்டுவிடும். 2 என்றால் தளர்வு: ஏதாவது ஒரு வாசலில் வழி இருந்தால் போதும். இங்கே பொது வழி முதல் இணைப்பின் பக்கம் இருந்தது. எனவே இரண்டாவதில் வந்த அத்தனை மருத்துவர்களும் 'போலி முகவரி' ஆகிவிட்டார்கள். அந்த இன்டர்ஃபேஸுக்கு 2 என்று வைத்தோம்.

இன்னும் திறக்கவில்லை! இங்கேதான் பலர் 'இது காரணமில்லை போல' என்று பழையபடி 1க்கு மாற்றிவிட்டு வேறு இடம் தேடப் போவார்கள். நான்கு கேள்விகளையும் மறுபடி கேட்டால் நிலைமை மாறியிருப்பது தெரியும். கேள்வி உள்ளே போகிறது, சர்வர் பதிலும் சொல்கிறது. பதில் வெளியே போகிறது, ஆனால் முதல் இணைப்பின் வாசல் வழியாக, 198.51.100.10 என்ற அனுப்புநர் முகவரியோடு. ஞாபகம் உள்ளவர் முகவரியைச் சரியாக மாற்றிக் கொடுத்தார். ஞாபகம் இல்லாதவர் தப்பான வாசலைக் காட்டிவிட்டார்.

முதல் இணைப்பின் நிறுவனம் தன்னுடையதல்லாத முகவரியிலிருந்து வருவதைக் கீழே போட்டுவிடுகிறது. அவர்கள் செய்வது சரிதான். போலி முகவரித் தாக்குதல்களைத் தடுக்க 2000இல் வந்த ஆர்.எஃப்.சி. 2827 சொல்வதே அதைத்தான்.

'198.51.100.10இலிருந்து போவதெல்லாம் இரண்டாவது வாசல்' என்று ஒரு வழி விதி எழுதினால் போதாதா? தோன்றும், ஆனால் வேலை செய்யாது. பதில் பாக்கெட்டுக்கு வழி தேடும் நேரத்தில் அதன் அனுப்புநர் இன்னும் சர்வரின் உள் முகவரிதான். பொது முகவரியாக மாறுவது நான்காம் படியில். அந்த விதி காத்திருக்கும் முகவரி, அது பார்க்கும் நேரத்தில் பாக்கெட்டில் இருக்காது.

சரியான வழி, ஞாபகத்தை ரூட்டிங்குக்குக் கடன் கொடுப்பது. இரண்டாவது வாசலில் வரும் புது இணைப்புக்குக் கான்ட்ராக்கில் ஒரு அடையாள எண் போடுகிறோம். பதில் உள்ளேயிருந்து வரும்போது, வழி தேடுவதற்கு முன்பே, அந்த எண்ணை எடுத்துப் பாக்கெட்டின் மேல் ஒட்டுகிறோம். 'இந்த எண் இருந்தால் இரண்டாவது அட்டவணையைப் பார்' என்று ஒரு வழி விதி. அவ்வளவுதான். பி.எஃப். வகை ஃபயர்வால்களில் இதையே 'ரிப்ளை-டூ' என்ற ஒற்றைச் சொல் செய்துவிடும்.

விதி மாறியது, பட்டியல் மாறவில்லை

திருத்திய பிறகும் 'அப்படியேதான் சார் இருக்கு' என்று வந்தால் பட்டியலைப் பாருங்கள். நேட் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் விதியைப் படிக்கும் என்றேன் இல்லையா? பழைய இணைப்புகள் பழைய முடிவோடுதான் ஓடும். லினக்ஸில் நிலைபெற்ற டிசிபி இணைப்பின் பதிவு, இயல்பு அமைப்பில் சும்மா இருந்தாலும் 432000 விநாடிகள், அதாவது 5 நாட்கள், உயிரோடு இருக்கும். விடாமல் ஓடும் பிங்கும் அப்படித்தான், ஒவ்வொரு பாக்கெட்டும் பழைய பதிவுக்கு ஆயுள் கூட்டிக்கொண்டே இருக்கும். விதியை மாற்றினால் சம்பந்தப்பட்ட பதிவுகளை மட்டும் அழியுங்கள், பிங்கை நிறுத்தி ஒரு நிமிடம் விட்டு ஆரம்பியுங்கள். முழு ஃபயர்வாலையும் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுவதன் ரகசியமும் பல நேரம் இதுதான். என்ன, எது சரியானது என்று கடைசிவரை தெரியாது.

வீட்டில் கேமராவுக்குப் போர்ட் திறந்து பார்த்துத் தோற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மோடத்தின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்கள் நிறுவனம் தன் பக்கத்திலும் ஒரு முகவரி மாற்றம் வைத்திருக்கிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. நீங்கள் என்ன விதி எழுதினாலும் முதல் கேள்விக்கே, அதாவது 'வாசலுக்கு வந்ததா' என்பதற்கே, பதில் 'இல்லை'தான். ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம்.

ஐபி ஆறாம் பதிப்பு வந்தால் இந்தத் தலைவலி போய்விடுமா என்று கேட்பார்கள். முகவரி மாற்றம் தேவையில்லாமல் போகும், கொண்டை ஊசி வளைவும் மறையும். ஆனால் ஃபயர்வால் இணைப்புகளை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் இருக்கும், ரூட்டிங்குக்கு அப்போதும் ஞாபகம் வரப்போவதில்லை. இரண்டு இணைப்பு இருக்கும் இடத்தில் பதில் எந்த வாசல் வழியாகப் போகிறது என்ற நான்காவது கேள்வியை அன்றும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.