உறைமோரும் குளிகையும்

திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள குஜிலியம்பாறை மழையை நம்பி வாழும் மானாவாரிப் பகுதி. அங்கே வேளாண்மைக்குத் துணையாகக் கறவை மாடு வளர்ப்போர் பலர். இரவில் காய்ச்சி ஆறவைத்த பாலில் சிறிதளவு உறைமோர் ஊற்றினால் விடியலில் தயிர் கிடைக்கும். பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் விளையும் மாற்றம் இது. அந்நுண்ணுயிர்களின் உறவினங்கள் இன்று குளிகைகளாக மருந்துக் கடைகளுக்கு வந்திருக்கின்றன. உடற்பருமன் உடையோரின் இரத்தக் கொழுப்பை அவை குறைக்கும் என்கின்றனர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு?

வினா சிறியதன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறிஞர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வயிற்றுப் பருமனும், 81 பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு பிறழ்வும் இருப்பதாக அவ்வாய்வு கூறியது. உடல் பருக்கும்போது பெரும்பாலும் டிரைகிளிசரைடு உயர்கிறது. நன்மை தரும் எச்.டி.எல். குறைகிறது. தமனிச் சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழிகோலுவது எல்.டி.எல்.

நுண்ணுயிர் இதில் எவ்வாறு தலையிடுகிறது? கல்லீரல், கொலஸ்ட்ராலைக் கொண்டே பித்த அமிலங்களை உருவாக்குகிறது. உணவுக் கொழுப்பைச் செரிக்க உதவிய பின்னர், அவற்றில் நூற்றுக்கு 95 பங்கு சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலையே அடைகிறது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுநாளும் எடுத்தாளும் சிக்கனம் இது. லாக்டோபேசில்லஸ் இனத்தின் சில வகைகள் சுரக்கும் நொதி, பித்த உப்புகளைச் சிதைத்துவிடுகிறது. சிதைந்தவை எளிதில் உறிஞ்சப்படாமல் மலத்துடன் வெளியேறுகின்றன. அவ்விழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

இவ்வழி கோட்பாட்டளவில் தெளிவானது. மனித உடலில் கிடைக்கும் பயனோ அத்துணைத் தெளிவாக இல்லை. 1974இல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பிரிக்காவின் மாசாய் மக்கள் புளித்த பாலை மிகுதியாகப் பருகினர். எடை கூடியபோதும் அவர்களது கொலஸ்ட்ரால் குறைந்தது. ஆயினும் அவ்வாய்வின் நோக்கம் பாலில் கலந்த வேறொரு பொருளைச் சோதிப்பதே. அப்பொருள் கலவாத பாலைப் பருகியோருக்கும் கொலஸ்ட்ரால் குறைந்ததனால்தான் அறிஞர்களின் பார்வை புளித்த பாலின்மீது திரும்பியது. அறிவியலில் எதிர்பாராத விடையே சிலவேளைகளில் புதிய வினாவை எழுப்புகிறது.

அதன்பின் நடந்த ஆய்வுகள் பல. அவற்றைத் தொகுத்து நோக்கினால், மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் சிறிதளவு குறைவதைக் காணலாம். டிரைகிளிசரைடு, எச்.டி.எல். ஆகியவற்றில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பெரும்பாலானவை சில வார அளவிலான, சிலரைக் கொண்ட ஆய்வுகள். ஒரு வகை நுண்ணுயிர் தந்த பயனை இன்னொரு வகை தருவதில்லை. இச்சிறு குறைவை நம்பி, மருத்துவர் அளித்த ஸ்டாட்டின் மாத்திரையை ஒருவர் நிறுத்திவிடுவாராயின், அடைவதைவிட இழப்பதே மிகுதி.

வீட்டுத் தயிர் நல்லுணவு என்பதில் ஐயமில்லை. எனினும் அதில் எந்த வகை நுண்ணுயிர், எத்தனை கோடி உள்ளது என்பதை உறை ஊற்றுபவர் அறியார். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த வல்லுநர் குழு 2001இல் வகுத்த வரையறை, உயிருடன் இருத்தல், போதிய அளவில் உட்கொள்ளப்படுதல், நலம் தருதல் ஆகிய மூன்றையும் வேண்டுகிறது. 2011இல் வெளியான இந்திய வழிகாட்டு நெறிமுறைகளோ, நுண்ணுயிரின் பேரினம், சிற்றினம், வகை ஆகியவற்றையும், பயன்படுத்தும் காலம் முடியும்வரை எஞ்சியிருக்கும் உயிருள்ளவற்றின் எண்ணிக்கையையும் உறையில் அச்சிடுமாறு கூறுகின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் வைக்கப்பட்ட குளிகையில் அவ்வெண்ணிக்கை நிலைப்பது அரிது.