மலை ஏறும்போது மட்டும் வரும் நெஞ்சுப் பாரம்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் பாதி ஏறியதும் நடுநெஞ்சில் ஒரு பாரம். சிலருக்கு அது இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும். படியில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். மறுநாள் ஈசிஜி எடுத்தால் நார்மல், எக்கோ எடுத்தால் அதுவும் நார்மல். "வாயுதான், ஒண்ணும் இல்ல" என்று வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைவார்கள்.

இதற்கு 800 அடி மலைகூடத் தேவையில்லை. தளவானூர்க் குடைவரையைப் பார்க்கச் சற்று ஏறும்போதோ, நெல் மூட்டையைத் தூக்கும்போதோ, சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்கு ஓடும்போதோ இதே பாரம் வரலாம். வேலை செய்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் வாயுவின் மேல் பழி போடுமுன் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். படுத்தபடி எடுத்த ஈசிஜி நார்மல் என்பதால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடாது.

ஓய்வில் தெரியாத அடைப்பு

இதயத் தசைக்கு ரத்தம் கொடுப்பவை கரோனரி தமனிகள். ஓய்வில் தருவதைப்போல் மூன்று, நான்கு மடங்கு ரத்தத்தை உழைப்பின்போது தரக்கூடியவை அவை. தமனி 70 சதவீதம் அடைத்திருந்தாலும், அடைப்புக்குக் கீழேயுள்ள நுண்நாளங்கள் விரிந்து ஈடுகட்டிவிடுவதால், சும்மா இருக்கும்போது தசைக்குக் குறை தெரியாது. ஏற்றத்தில்தான் அந்தக் கையிருப்பு தீர்கிறது.

ரத்தம் போதாமல் போனால் கோளாறுகள் பெரும்பாலும் ஒரு வரிசையில் வரும். முதலில் அந்தப் பகுதித் தசை தளர்ந்து விரிவது கெடும். அடுத்து அது சுருங்குவது குறையும். அதற்குப் பிறகே ஈசிஜி மாறும். வலி கடைசியில் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலி வராமலே போகலாம், மூச்சு வாங்குவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். ஈசிஜிக்கும் வலிக்கும் முந்திய அந்தச் சுருக்கக் குறைவைத் திரையில் பிடிப்பதுதான் ஸ்ட்ரெஸ் எக்கோ.

எக்கோவின் கதை தொடங்கியது 1953-இல், ஸ்வீடனின் லுண்ட் நகரில். இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் பட்டறைகளில் உலோக விரிசல் தேடப் பயன்பட்ட மீயொலிக் கருவியை மனித மார்பில் வைத்துப் பார்த்தார்கள். அதை உடற்பயிற்சியோடு சேர்த்து இதய அடைப்பைத் தேடிய ஆய்வை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகக் குழு 1979-இல் வெளியிட்டது.

பரிசோதனை அறையில்

முதலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஓய்வுநிலைப் படம் எடுப்பார்கள். பிறகு டிரெட்மில். பொதுவாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-லிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும். 60 வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு 136.

இறங்கியதும் மூச்சு வாங்க நின்றால் சோதனை வீணாகிவிடும். உடனே படுத்து, ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துக்குள் படம் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் தசை தேறிவிடும். இடது கீழறையின் சுவரை 17 பகுதிகளாகப் பிரித்து, முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவார்கள். எந்தப் பகுதி மந்தமாகிறது என்பதைக் கொண்டு எந்தத் தமனியில் சிக்கல் என்று கணிக்கலாம்.

காலமெல்லாம் வயலில் குனிந்து நாற்று நட்டு முழங்கால் தேய்ந்த அம்மாவை டிரெட்மில்லில் ஏற்ற முடியாது. அவருக்கு டோபுட்டமின் இருக்கிறது. ரத்தக்குழாய் வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 அல்லது 10 மைக்ரோகிராமில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டி, 40 வரை கொண்டுபோவார்கள். துடிப்பு இலக்கை எட்டாவிட்டால் அட்ரோபின் சேர்ப்பதுண்டு. படுத்த படுக்கையிலேயே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதை முன்பே சொல்லாமல் ஊசி போட்டால் யாரும் மிரண்டுதான் போவார்கள். மருந்தை நிறுத்தினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆபத்தான பின்விளைவுகள் அரிது. ஆனாலும் மருத்துவரும் அவசர சிகிச்சைக் கருவிகளும் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

சுமார் நான்கு மணி நேரம் வெறும் வயிறு தேவை. மெட்டோபிரோலால், அட்டெனலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லலாம், நீங்களாக நிறுத்தக்கூடாது.

யாருக்குப் பொருந்தும்?

வெறும் டிரெட்மில் ஈசிஜி பெண்களிடம் அடைப்பே இல்லாமல் 'பாசிட்டிவ்' காட்டுவது அதிகம். ஏற்கெனவே ஈசிஜியில் மாற்றம் உள்ளவர்களிடமும் அதை நம்ப முடியாது. இந்த இரு தரப்புக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ நல்ல தேர்வு. தாலியம் ஸ்கேன், சிடி ஆஞ்சியோ போலக் கதிர்வீச்சும் இதில் இல்லை. பெரிய அடைப்பு உள்ள 100 பேரில் ஏறக்குறைய 80 பேரையாவது இது கண்டுபிடிக்கும். உடல் பருமனானவர்களிடமும் நுரையீரல் நோய் உள்ளவர்களிடமும் படம் தெளிவாக வராது. பார்த்துச் சொல்பவரின் கண் பழக்கத்தைப் பொறுத்தே முடிவு அமைவதால், கருவி புதுசா என்பதைவிட அவர் இதை அடிக்கடி செய்பவரா என்று கேட்பது நல்லது.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் மாஸ்டர் செக்கப்போடு இதையும் சேர்த்துக்கொள்வது வீண் செலவு என்பேன்.

'பாசிட்டிவ்' என்று வந்தால்

உடனே ஸ்டென்ட் வைக்காவிட்டால் உயிர் போய்விடும் என்ற பயம்தான் முதலில் வரும். இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரைச் சேர்த்த 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு 2020-இல் வெளிவந்தது. சோதனையில் கணிசமான ரத்தக்குறைவு தெரிந்த, ஆனால் நிலை சீராக இருந்தவர்கள் அவர்கள். முதலில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மாத்திரைகளோடு தொடங்கியவர்களுக்கும் மாரடைப்பிலும் மரணத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலி அடிக்கடி வந்தவர்களுக்கு ஸ்டென்ட் கூடுதல் நிவாரணம் தந்தது உண்மை. இடது பிரதானத் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் பம்ப் வலிமை மிகவும் குறைந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் கணக்கு வேறு. மற்றவர்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

'நார்மல்' என்று வந்தாலும் பீடியைத் தொடர அது அனுமதிச் சீட்டு ஆகாது. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அடைப்பு பெரும்பாலும் இருக்காது என்று மட்டுமே அதற்குப் பொருள். 40 சதவீதம் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து மாரடைப்பு வருவதுண்டு. அதை இந்தச் சோதனை முன்கூட்டிச் சொல்லாது.

இப்போதே வலிக்கிறது என்றால்

சும்மா இருக்கும்போது வலி, வியர்வை, ஓய்வெடுத்தும் அடங்காத பாரம் என்றால் ஸ்ட்ரெஸ் எக்கோவுக்கு நாள் குறிக்காதீர்கள். அந்த நிலையில் அதைச் செய்யவே கூடாது. 108-ஐ அழையுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் முதல் தவணை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். செஞ்சிப் பகுதியிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக நேரலாம். பழைய ஈசிஜித் தாள் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். புதியதோடு ஒப்பிட அது உதவும்.