ஜீப்பின் அடியிலுள்ள சிறு இறப்பர்

பொத்துவிலிலிருந்து பாணமை வழியாக உகந்தைக்கும் குமண வனத்திற்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் வண்டிகளை நம்மவர் நன்கறிவர். மணலிலும் சேற்றிலும் அவை புதையாமற் செல்வது, இயந்திரத்தின் விசை பின்சில்லுகளுக்கு மட்டுமன்றி முன்சில்லுகளுக்கும் கிடைப்பதனாலாகும். கியர்ப்பெட்டியை அடுத்திருந்து அவ்விசையை இருபுறமும் பகிர்ந்தளிக்கும் பெட்டியை ‘ட்ரான்ஸ்பர் கேஸ்’ என்பர். 1941இல் போருக்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பிலும், 1948இல் பிரித்தானியாவில் வெளிவந்த லாண்ட் ரோவரிலும் இது உண்டு.

இப்பெட்டியை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு நேரே முடுக்கிவிட்டால் என்ன? பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சட்டம் முறுகும்; வார்ப்புப் பெட்டியோ முறுகாது, வெடிக்கும். ஆதலின் இரண்டிற்கும் நடுவே இறப்பர் வைத்த புஷ் ஒன்றை அமைத்தனர். அதிர்வையெல்லாம் தான் வாங்கிக்கொள்வதே அதன் தொழில்.

1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்ட நாள்முதல் இறப்பர் நம் நாட்டுப் பொருளாயிற்று. எனினும் அதன் பலவீனத்தை நாம் எண்ணுவதில்லை. வெப்பமும் காற்றும் அதனை இறுகச் செய்து வெடிப்பிக்கும். எண்ணெய் பட்டாலோ ஊதிக் களியாகும். புஷ் தேய்ந்த வண்டி புறப்படும்போது அடியில் ‘டக்’ கென்று ஓசை கேட்கும், கியர்த்தடி நடுங்கும். பலர் கியர்ப்பெட்டியே பழுதென்று அஞ்சிப் பெருந்தொகை செலவிடுகின்றனர். “சேர், பொட்டியத் தொறக்க முந்தி றப்பரப் பாருங்க” என்று எங்கள் ஊர்க் கராஜ்காரக் காக்கா ஒருவர் சொல்வதுண்டு. பெட்டிக்கும் சட்டத்திற்கும் இடையே அலவாங்கை வைத்து மெல்ல நெம்பினாற் போதும்; பெட்டி தாராளமாக ஆடினாலோ, இறப்பர் இரும்பை விட்டுக் கழன்றிருந்தாலோ ஐயமில்லை.

இதனை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பழைய வில்லிஸ், லாண்ட் ரோவர் வண்டிகளின் கைப்பிரேக் சில்லில் இல்லை. இப்பெட்டியின் பின்னேயுள்ள தண்டையே பிடிக்கிறது. பெட்டியின் தடி நடுநிலையில் இருந்தாலோ, வண்டியைக் கியரில் விட்டும் அது உருளும். ஆகவே நான்கு சில்லுக்கும் கட்டை வைத்த பின்னரே அடியிற் புகவேண்டும். நம் முற்றங்கள் மணற்பாங்கானவை. வெறுமனே வைத்த ஜக் புதைந்து சரியும். அதன் கீழே தடித்த பலகை தேவை. ஜீப் இயல்பிலேயே உயர்ந்ததாதலின் சில்லுகளைத் தூக்கவேண்டிய தேவை பெரும்பாலும் நேராது.

கடற்காற்றில் ஆணிகள் துருவேறியிருக்கும். முதல்நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் இட்டுவைத்தல் நன்று. மறுநாள் பெட்டியின் அடியில் மரத்துண்டு வைத்து, ஜக்கினால் பாரத்தை மட்டும் தாங்கவேண்டும். மிக உயர்த்தினால் இயந்திரம் முன்னே சாய்ந்து விசிறி ரேடியேட்டரில் முட்டும். ஆணியைக் கழற்றிப் பழைய புஷ்ஷை அழுத்தி எடுக்கவேண்டும். அதன் இரும்புக்கூடு இறுகியிருந்தால், அரிவாளால் உட்புறம் கீறி மடக்குவர் சிலர். இரும்பறுக்கும் வாளே தக்கது. துளையின் சுவரைக் கீறிவிடலாகாது. புதியதை நுழைக்கச் சவர்க்கார நீர் போதும். கிரீஸ் பூசுதல் இறப்பருக்கு நஞ்சூட்டுவதாகும்.

பழைய டயரை வெட்டி வைப்போரும் உளர். அதனுள்ளே நூலும் கம்பியும் இருப்பதால் அது நெகிழ்வதில்லை. அதிர்வு அப்படியே பெட்டிக்குச் செல்லும். யானைகள் திரியும் காட்டிடையே வண்டி நின்றுபோனால் மிச்சம் பிடித்த பணம் எதற்கு உதவும்?

ஆணிகளை முதலில் தளர்வாகப் பூட்டி, ஜக்கை இறக்கிப் பெட்டியின் பாரம் இறப்பரில் அமர்ந்த பிறகே இறுக முடுக்கவேண்டும். இன்றேல் இறப்பர் முறுகியபடியே நின்று விரைவிற் கிழியும். மேலே எண்ணெய் கசியும் சீல் ஏதும் இருப்பின் அதனையும் அன்றே மாற்றிவிட வேண்டும். குமணவுக்கு ஒருதடவை போய்வந்ததும் அந்த நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பார்க்கவேண்டும்.