கொல்லிமலை ஏற எக்ஸெல் உதவும்: ரோடு பைக் கியர் கணக்கு

எக்ஸெல் என்றால் சம்பளப் பட்டியலும் மார்க் லிஸ்ட்டும் தயாரிக்கத்தான் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எண்ணுகின்றனர். ஒரு பொருளுக்குப் பணம் கொடுக்கும் முன், அது நமக்குத் தேவைதானா என்று பார்க்கவும் இந்த புரோகிராம் உதவும். என் ரோடு பைக்கிற்குக் காம்பாக்ட் கிராங்க் வாங்கலாமா என்று நான் போட்ட கணக்கை இங்கே தருகிறேன்.

நான் இருப்பது தஞ்சாவூரில். திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆற்றுப் பாலங்களில் ஏறி இறங்குவதுதான் இங்கே மேடு. கல்லணைப் பக்கம் போனால் ஆடி மாத எதிர்காற்று. ஆனால் நண்பர்கள் அழைத்தது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பது வயதைத் தாண்டிய என் முழங்கால் தாங்குமா என்பதுதான் கேள்வி.

காம்பாக்ட் என்றால் என்ன?

பெடல் பொருந்தியுள்ள கையும் முன்பக்கப் பல்சக்கரங்களும் சேர்ந்ததுதான் கிராங்க் செட். பழைய ரோடு பைக்குகளில் பெரிய சக்கரத்தில் 53, சிறியதில் 39 பற்கள் இருக்கும். காம்பாக்டில் 50, 34. இன்று பல ரோடு பைக்குகள் காம்பாக்டுடனேயே விற்பனைக்கு வருகின்றன. எனவே முதலில் உங்கள் பைக்கில் உள்ள பற்களை எண்ணிப் பாருங்கள்.

ஒர்க் ஷீட் தயாரிப்போம்

1. பி1 முதல் இ1 வரை உள்ள செல்களில் 53, 39, 50, 34 என டைப் செய்திடவும்.

2. ஏ2 முதல் கீழ்நோக்கிப் பின்சக்கரப் பற்களை அமைக்கவும்: 12, 13, 14, 15, 16, 17, 19, 21, 23, 25. கடைசியாக 28 சேர்த்துக் கொள்ளவும்.

3. பி2 செல்லில் சமன் குறி போட்டு, பி1 செல்லைக் கிளிக் செய்து, எஃப்4 கீயை இரண்டு முறை தட்டவும். வகுத்தல் குறி (/) போட்டு, ஏ2 செல்லைக் கிளிக் செய்து, எஃப்4 கீயை மூன்று முறை தட்டவும். பின் *2.1 என டைப் செய்து என்டர் தட்டவும். (சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.)

4. பி2 செல்லின் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்து முதலில் வலப்பக்கமும், பிறகு கீழேயும் இழுக்கவும். அட்டவணை நிரம்பிவிடும்.

எஃப்4 தட்டும்போது வரும் டாலர் குறி, பார்முலாவை இழுக்கும்போது அந்த வரிசை அல்லது நெட்டுவரிசை மாறாமல் பிடித்துக் கொள்கிறது. 2.1 என்பது டயரின் சுற்றளவு, மீட்டரில். ஆக ஒவ்வொரு செல்லும், பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் எத்தனை மீட்டர் நகரும் என்று சொல்கிறது.

அட்டவணை சொன்னது

என் பழைய அமைப்பில் மிக எளிதான கியர் 39க்கு 25, கிடைப்பது 3.28 மீட்டர். காம்பாக்டில் 34க்கு 25 என்றால் 2.86. ஆனால் கிராங்கைத் தொடாமல், பின்னால் 28 பல் உள்ள கேசட் மட்டும் போட்டாலே 2.93 கிடைக்கிறது! பலருக்கு இதுவே போதும். செலவும் பொதுவாகக் குறைவு.

மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் மலை ஏறினால் நிமிடத்திற்கு 133 மீட்டர். இதைச் செல்லின் எண்ணால் வகுத்தால் நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்று தெரியும். பழைய கியரில் 41 சுற்று. 34க்கு 28 போட்டால் 2.55 மீட்டர், 52 சுற்று. ஒவ்வொரு மிதியிலும் முழங்காலுக்கு அழுத்தம் குறையும். எனவே நான் இரண்டையும் மாற்றினேன். டெல்டாவில் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

பொருத்தும் முன்

பழைய ஐந்து போல்ட் கிராங்கில் போல்ட் வட்டம் 130 மி.மீ.; இதில் 38 பற்களுக்குக் குறைவான சக்கரம் பொருந்தாது. கிராங்கையே மாற்ற வேண்டும். முன் டிரெய்லியர் 16 பல் வித்தியாசத்தைத் தாங்குமா, பின் டிரெய்லியர் (50-34)+(28-12)=32 பற்களைத் தாங்குமா, 28 பல் சக்கரத்தை ஏற்குமா என்றும் பார்க்கவும்.

முன் டிரெய்லியர்

செயின் கண்ணிகளுக்கிடையே 12.7 மி.மீ. மூன்று பல் குறைந்தால் சுற்றளவில் 38.1 மி.மீ. குறையும், 6.28ஆல் வகுத்தால் ஆரத்தில் சுமார் 6 மி.மீ. டிரெய்லியரையும் அந்த அளவு கீழே இறக்க வேண்டும்.

* கூண்டின் வெளித்தகட்டிற்கும் பெரிய சக்கரப் பற்களுக்கும் இடைவெளி 1 முதல் 3 மி.மீ. ஒரு ரூபாய் நாணயம் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் அதிகம். மேலிருந்து பார்த்தால் கூண்டு சக்கரத்திற்கு இணையாக இருக்க வேண்டும்.

* கேபிளைத் தளர்த்தி, முன்னால் சிறிய சக்கரம், பின்னால் மிகப் பெரிய சக்கரத்தில் செயினை வைக்கவும். உள்தகடு செயினை உரசாமல் அரை மி.மீ.க்குள் நிற்கும்படி "எல்" ஸ்குருவைத் திருகவும். இது சரியில்லை என்றால் செயின் உள்பக்கம் விழும். ஏற்றத்தில் விழுந்தால் ஆளும் விழ நேரிடலாம்.

* கேபிளை இழுத்து இறுக்கி, முன்னால் பெரிய சக்கரம், பின்னால் மிகச் சிறிய சக்கரத்திற்கு மாற்றவும். வெளித்தகட்டை இதே போல் "எச்" ஸ்குருவால் அமைக்கவும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் வைக்கோல் இந்தக் கூண்டில் சுற்றிக்கொள்ளும். வீடு திரும்பியதும் எடுத்துவிடுங்கள்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதனைச் செய்திடலாம். பைலை சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் புதிய பல்சக்கரம் ஒன்றைச் சொன்னால், முதல் வரிசையில் எண்ணை மாற்றினால் போதும்; விடை உடனே கிடைக்கும்.